நான் எரித்த ரஷ்யப் படங்கள்

அருள்,

இதை நீ படிக்கிறபோது நான் உன் வீட்டில்தான், உன் அறைக்கு அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருப்பேன். நடுவில் ஒரு சுவர். கூப்பிட்டால் வந்துவிடுவாய். இருந்தும் எழுதுகிறேன். வாயால் சொல்ல வேண்டுமென்றால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான். தினமும் பைபிள் வாசித்ததால் எழுத்து மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எழுதி முடித்து ரீத்தாவிடம் கொடுத்து, எழுத்துப் பிழையைத் திருத்து, சொல்லில் கை வைக்காதே என்று சொன்னேன். உன் மகள் திருத்தும்போது இரண்டு இடத்தில் அழுதாள். நான் அழவில்லை. நான் அழுதால் நீ வந்து சமாதானம் செய்வாய், விஷயம் அதோடு முடிந்துபோகும். அப்படி முடியக் கூடாது.

போன சனிக்கிழமை ரீத்தாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. நீயும் மருமகள் ஸ்டெல்லாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உறை உறையாகப் பேர் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரில் இருந்தேன். உன் மாமியார் வழியில் எவரெவருக்கோ எழுதினாய். உன் கல்யாணத்தில் என்னைக் காற்றாடி இல்லாத மூலையில் உட்கார வைத்த அந்தக் கூட்டத்துக்கெல்லாம் எழுதினாய். அப்போது ரீத்தா சொன்னாள், “டாடி, சாகுல் அங்கிளுக்கு ஒண்ணு எழுதுங்க.” நீ பேனாவை மூடி வைத்தாய். “அந்தப் பேரை உனக்கு யாரு சொன்னா?” என்றாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். “திருட்டுப் பயலுக்கெல்லாம் என் மக கல்யாணத்துல எடம் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தாய். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறமும் உன் குரலில் சூடு ஆறவில்லை. அந்தச் சூட்டை மூட்டியவள் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

சாகுல் திருடவில்லை, அருள். உன் நாற்பத்தோரு சிடியையும் மூன்று நோட்டையும் எரித்தது நான். செனாயில் நாம் இருந்த வீட்டின் பின்புறம், குப்பை எரிக்கிற எண்ணெய்ப் பீப்பாயில், பட்டப்பகலில் எரித்தேன். அவன் எடுத்துக்கொண்டு போனான் என்று உன்னிடம் சொன்னது பொய். கோயில் வாசலில் பூசை முடிந்து நின்ற ஜனங்களுக்கு முன்னால் மாதா பேரில் சத்தியம் செய்து சொன்னதும் பொய். அன்றைக்கு அங்கே நின்று கேட்டவர்கள் பதினோரு பேர். நாலு பேர் செத்துப்போனார்கள். மீதி ஏழு பேர் இன்றைக்கும் பூசைக்கு வருகிறார்கள், எனக்குச் ‘சமாதானம்’ சொல்லிக் கும்பிடுகிறார்கள். ஜனங்களுக்கு முன்னால் சொன்ன பொய்யை மூடிய அறையில் திருப்பி எடுக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதத்தை நம் கோயில் பங்கு மலரில் போடச் சொல்லி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன். அது அச்சாவதற்கு முன்னாலேயே உனக்கு ஒரு பிரதி தருகிறேன். உனக்கு அவமானமாக இருக்கும் என்று தெரியும். அவமானம் என்னுடையது, ஆனாலும் உன் மேலும் தெறிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். நீயும் சாகுலும் செனாய் பேக்டரியில் ஒரே ஷிப்டு. அவன் அப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து சாப்பாட்டுக் கடை போட்டவர். பையன் கடையில் நிற்க மாட்டேன் என்று மெஷினுக்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூருக்குப் போய் ஏதோ விழாவில் ஒரு பழைய ரஷ்யப் படம் பார்த்துவிட்டு வந்தீர்கள். வந்து நீ சாப்பிடவில்லை. “என்னடா ஆச்சு?” என்றேன். “ஒண்ணும் ஆகலம்மா. படத்துலயும் ஒண்ணும் ஆகல. அதான்மா விஷயமே” என்றாய். எனக்கு விளங்கவில்லை. அதற்கப்புறம் மாதா மாதம் சிடி வந்தது. அட்டையில் தலைகீழாகத் திரும்பின மாதிரி எழுத்து. ஓய்வு நாளில் மதியச் சோறு முடிந்ததும் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் ஓட்டுவீர்கள், நிறுத்துவீர்கள், கீழே ஓடுகிற இங்கிலீஷைப் படித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் எழுதுவீர்கள். நோட்டில் இடது பக்கம் உன் கையெழுத்து, வலது பக்கம் அவன் கையெழுத்து. காஹாங்கில் என் அண்ணன் வீட்டுப் பக்கத்துத் தோட்டத்து மண்டபத்தில் திரை கட்டி, படத்தை ஓட்டிக்கொண்டே நீங்கள் இரண்டு பேரும் தமிழில் வசனம் படிப்பதாகத் திட்டம். செம்பனை மரத்தில் குலை வெட்டித் தள்ளிவிட்டு வருகிற ஆளுக்கு ரஷ்யப் படம்! “எவண்டா உக்காந்து பாப்பான்?” என்று நான் சிரித்தேன். சாகுல்தான் பதில் சொன்னான்: “அம்மா, அந்தப் படத்துல வர்ற ஆளுங்களும் குலை தள்றவங்க மாதிரித்தாம்மா. மரம்தான் வேற.”

அந்த வசனம் எழுதுகிற வேலையை நான் கதவோரம் வெங்காயம் உரித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஒரு படம் மட்டும் உங்களைப் படாத பாடு படுத்தியது. குதிரை வண்டிக்காரக் கிழவன் ஒருவன். ரயிலிலிருந்து இறங்கிப் புருஷன் ஊரைத் தேடி வருகிற ஒரு பெண். வழி முழுக்கப் பனி. படம் அவ்வளவுதான். அதில் அவள் “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பாள். கிழவன், “போன தடவை போனப்ப இவ்வளவு தூரம் இல்ல” என்பான். அந்த ஒரு வரிக்கு நீங்கள் நாலு விதம் எழுதி, நாலையும் வாய்விட்டுப் படித்து, கடைசியில் இதை வைத்தீர்கள். பிறகு அவள் வீடு வந்து சேர்கிறாள், மாமியார் கதவைத் திறக்கிறாள், ஒரு சொல் சொல்கிறாள். இங்கிலீஷில் ‘உட்காரு’ என்று போட்டிருந்தது. அதற்கு ஒரு மணி நேரம் சண்டை.

“‘உக்காரு’ன்னு போடாதடா. நம்ம வீட்ல எவ அப்படிச் சொல்லுவா? ‘சாப்டியா’ன்னு போடு.”

“அவ அப்படிச் சொல்லலயே சாகுலு. சொல்லாததை எப்படிப் போடறது?”

“அவ ரஷ்யாக்காரிக்குச் சொன்னா. நாம காஹாங்குல உள்ள அக்காவுக்குச் சொல்றோம். அந்தக் கிழவி மூஞ்சியைப் பாரு, உக்காருன்னா சொல்ற மூஞ்சி அது?”

நீ பார்த்தாய். நிறுத்தின படத்தை ரொம்ப நேரம் பார்த்தாய். “டேய், சரிதாண்டா” என்றாய். அவன் பேனாவை வாங்கி ‘சாப்டியா’ என்று எழுதினான்.

அவனை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், பாதி பிடித்திருந்தது. மரியாதையான பையன். ஆனால் என் வீட்டில் அவன் ஒரு வாய் சோறு தின்றதில்லை. தேத்தண்ணி குடிப்பான், பிஸ்கட் எடுப்பான், சோறு என்றால் “வயிறு நெறஞ்சிருக்கும்மா” என்பான். அவன் மார்க்கம் அப்படி, நம் சட்டியில் எல்லாம் வேகும், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மனசில் ஒரு முள் கிடந்தது. நான் முள்ளை எடுத்துப் போடுகிறவள் இல்லை, சேர்த்து வைக்கிறவள். பொய் சொல்ல ஒரு பேர் தேவைப்பட்ட நேரத்தில் அவன் பேர் ஏன் அவ்வளவு சீக்கிரம் வாயில் வந்தது என்று இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்தேன். அந்த முள்ளுக்கும் அதில் பங்கு உண்டு.

உன் தாத்தா கதையை உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. எனக்கு ஐந்து வயது. கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள் இருந்த ஆட்களுக்கு அரிசி போகக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். என் அப்பா ரப்பர்ப் பால் வெட்டுக்குப் போகிறபோது புகையிலையை ஒரு காகிதத்தில் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போவார். அந்தக் காகிதத்தில் ஒரு தாடிக்காரன் படம் இருந்தது. அவருக்கு எந்த எழுத்தும் வாசிக்கத் தெரியாது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி அதைப் பார்த்தான். அதற்கு முந்தின வாரம் அவன் கேட்ட சேவலை என் அப்பா கொடுக்கவில்லை. “இது ரஷ்யாக்காரன் காகிதம், இவன் காட்டு ஆளுங்களோட ஆள்” என்று போய்ச் சொன்னான். லாரி வந்தது. என் அப்பா வாயில் புகையிலையோடு ஏறினார். துப்புவதற்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. பதினோரு மாதம் கழித்து வந்தார். வந்த மனுஷன் அதற்கப்புறம் யாரிடமும் பத்துச் சொல்லுக்கு மேல் பேசியதில்லை. அந்தக் கிராணியின் பேரன் குளுவாங்கில் கடை வைத்திருக்கிறான். இன்றைக்கு வரைக்கும் நான் அந்தக் கடையில் ஒரு குண்டூசி வாங்கியதில்லை.

இப்போது அந்தப் புதன்கிழமைக்கு வா. நீ வேலைக்குப் போயிருந்தாய். ஸ்டெல்லாவும் வேலையில். ரீத்தாவுக்கு மூன்று வயது, உன் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். மதியம் இரண்டு மணி இருக்கும், சீருடை போட்ட இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், என்ன வேலை என்று மலாயில் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். பின்புறம் போய் டார்ச் லைட்டை அடித்துப் பீப்பாய்க்குள், பூத்தொட்டிக்குள், குளியலறைத் தொட்டிக்குள் எல்லாம் பார்த்தார்கள். முன் அறையில் ஒருவன் அலமாரியில் இருந்த சிடி அட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “ரஷ்யா?” என்று கேட்டான். “தெரியாது” என்றேன். மற்றவன் காதில் ஏதோ சொன்னான், இருவரும் சிரித்தார்கள். ஒரு காகிதத்தில் எதையோ எழுதி, கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மலாய் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன், அருள். லாரி சத்தம் எனக்குக் கேட்டது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டது.

அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பீப்பாயில் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினேன். சிடி சுருண்டு கறுப்பாகப் புகைந்தது, நாற்றம் தெரு முழுக்க. நோட்டைக் கடைசியில் போட்டேன். போடுவதற்கு முன் ஒன்றைத் திறந்தேன். உன் கையெழுத்தும் அவன் கையெழுத்தும் எதிரெதிரே இருந்தன. அப்போதாவது கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. புகையைப் பார்த்து வேலியோரம் வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது என்றேன். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள். “அலமாக்! நியாமுக் லா, காக், நியாமுக்!” கொசு. டெங்கிக் காய்ச்சலுக்காகக் கொசுப்புழு தேடி வந்தவர்கள். தேங்கிய தண்ணீர் எதுவும் இல்லை, வீடு சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் சிரிப்பு அடங்குவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். நீ வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரமும் பயம் போன இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாததால் என் அப்பா போனார். அதே காரணத்தால் என் மகனின் மூன்று வருஷ உழைப்பை நான் எரித்தேன். கொசு பார்க்க வந்தவனுக்குப் பயந்து எரித்தேன் என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ படித்தவன். ஸ்டெல்லா அவள் அம்மாவிடம் சொல்வாள். அந்த அம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். நீ வந்து, “நோட்டு எங்கம்மா?” என்றாய். “சாகுல் வந்தான். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போனான்” என்றேன். ஒரு நாள் தாக்குப்பிடிக்கத்தான் அந்தப் பொய். மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அவன் அந்த வாரத்தில் இரண்டு தடவை நோட்டைத் தன் வீட்டுக்குக் கேட்டிருந்தான், நீ கொடுக்கவில்லை என்பதும், அன்றைக்கு அவன் வேலைக்கு வரவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. என் பொய் உன் மனசில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துவிட்டது. அன்று மாலையே நீ அவனோடு கைகலப்பு வரை போய்விட்டு வந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயில் வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பூசை முடிகிற வரைக்கும் வெயிலில் நின்றிருக்கிறான். நீ அன்றைக்கு ஷிப்டுக்குப் போயிருந்தாய், அவன் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். நான் படியிறங்கியதும் கிட்டே வந்தான்.

“அம்மா, நான் எப்பம்மா வந்தேன்? என்னைக்கு? அருள்கிட்ட சொல்லுங்கம்மா.”

“புதன்கிழமை. மூணு மணிக்கு.”

“புதன்கிழமை மூணு மணிக்கு நான் அத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேம்மா.”

கூட்டம் கூடிவிட்டது. “யாரு இந்தப் பையன்?” என்று ஒருத்தர். “என்ன திருடினானாம்?” என்று இன்னொருத்தர். பின்வாங்க ஒரு அடி இடம் இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் தம்பி, வயசாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மாதா சத்தியமா என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்றேன். அவர்கள் என்னைத்தான் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் அவர்களில் ஒருத்தி, அவன் வேறு மார்க்கத்துப் பையன். அது தெரிந்துதான் சொன்னேன். எல்லாவற்றிலும் எனக்குக் கூசுவது இதுதான். “போப்பா, போ. கோயில் வாசல்ல கலாட்டா பண்ணாத” என்று ஒருத்தர் அவன் தோளைத் தள்ளினார். அவன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். வண்டி இரண்டு உதைக்கும் கிளம்பவில்லை. யாரோ சிரித்தார்கள். மூன்றாவது உதையில் கிளம்பிப் போய்விட்டான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “பொய் சொன்னேன் சாமி.” “பெரிய பொய்யா, சின்னப் பொய்யா?” “சின்னது சாமி.” மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம் ஆகவில்லை. நீ அதற்கப்புறம் படம் பார்ப்பதை விட்டாய். சிங்கப்பூர் போவதை விட்டாய். வசனம் எழுதின விரல் ஓவர்டைம் ஃபாரம் நிரப்பியது. சூப்பர்வைசர் ஆனாய், தெப்ராவில் வீடு வாங்கினாய், எல்லாரும் உன்னை நல்ல பிள்ளை என்றார்கள். வீட்டில் பேச்சுக் குறைந்துபோனது. உன் தாத்தா சாடை உனக்கு வந்துவிட்டது என்று எனக்குள் நினைத்துக்கொள்வேன். அப்போதெல்லாம் அந்தக் கிராணி நினைவுக்கு வருவான். அவனும் அன்றைக்கு ஒரு பேச்சுத்தான் பேசினான். எழுபது வருஷம் அவன் குடும்பத்துக்கே சாபம் விட்டுக்கொண்டிருந்த நான், அவன் செய்ததையே செய்துவிட்டு நற்கருணை வாங்கிக்கொண்டிருந்தேன்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன் அல்லவா, ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்று. சீரியல் பார்த்துச் சலித்துவிட்டது. ரீத்தா ஒரு நாள், “பாட்டி, டாடி சின்ன வயசுல ரஷ்யப் படம் பாப்பாராமே, மம்மி சொன்னாங்க. நாம பாப்பமா?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வேன்? முதல் படத்தில் ஒருத்தி ஆற்றில் துணி அலசினாள். அலசினாள், அலசிக்கொண்டே இருந்தாள். “படம் மாட்டிக்கிச்சா பாரு” என்றேன். “இல்ல பாட்டி, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு லா” என்று சிரித்தாள். நான் தூங்கிவிட்டேன். இரண்டாவதிலும் தூங்கினேன். மூன்றாவதில் தூக்கம் வரவில்லை. எனக்கு ரஷ்ய மொழி தெரியாது, கீழே ஓடுகிற இங்கிலீஷும் தெரியாது. அதனால் ஆட்களின் கையைத்தான் பார்த்தேன். ஒருத்தன் கதவுப்பிடியில் கை வைத்து எடுக்காமல் நிற்கிறான், அவன் உள்ளே போக மாட்டான் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நம் படத்தில் என்றால் அந்த நேரத்தில் ஒரு பாட்டே முடிந்திருக்கும். இவர்கள் அவசரப்படுத்துவதில்லை. காற்று முதலில் வருகிறது, புல் சாய்கிறது, அப்புறம்தான் ஆள் வருகிறான். நம் வீட்டிலும் அப்படித்தான், சண்டை வருவதற்கு முன்னால் பாத்திரச் சத்தம் மாறும். அந்தத் துணி அலசினவளும் சும்மா அலசவில்லை, வீட்டுக்குத் திரும்பிப் போக மனசில்லாமல் அலசியிருக்கிறாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிகிறது. நீ அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் விஷயம் என்றாயே, அது இப்போது எனக்கு விளங்குகிறது. உன்னிடம் சொல்லத் துடித்தேன். எந்த வாயால் சொல்வது?

நாலாவது படம் ஆரம்பித்தது. பனி. ரயில். வண்டிக்காரக் கிழவன். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் உலகத்தில் எத்தனையோ படம் இருக்க, அந்தப் பிள்ளை கைக்கு இதுதான் வந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்ததும் என் வாயும் திறந்துகொண்டது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்றேன். “போன தடவை போனப்ப இவ்வளவு தூரம் இல்ல” என்றேன். ரீத்தா திரும்பினாள். “பாட்டி, இங்கிலீஷ்ல அப்படியேதான் போட்டிருக்கு! உங்களுக்கு எப்படித் தெரியும்?” நான் அடுத்த வரியைச் சொன்னேன். அடுத்ததையும். எனக்கு மறதி என்பது கிடையாது, உனக்குத் தெரியும். நீங்கள் வாய்விட்டுப் படித்ததையெல்லாம் வெங்காயம் உரித்த காது பிடித்து வைத்திருந்தது. சக்கரம் பனியில் புதைந்து, அவள் ஒரு அவித்த முட்டையை உரித்துக் கிழவனுக்குப் பாதி கொடுக்கிறாள் அல்லவா, பேச்சே இல்லாத அந்த இடத்தில் நானும் பேசாமல் இருந்தேன். கடைசியில் மாமியார் கதவைத் திறந்தாள். “சாப்டியா?” என்றேன். ரீத்தா, “இல்ல பாட்டி, இங்க மட்டும் தப்பு. ‘உட்காரு’ன்னு போட்டிருக்கு” என்றாள். “தெரியும். சாகுல்தான் மாத்தினான்” என்றேன்.

“யாரு பாட்டி சாகுல்?”

அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒரு மனுஷ ஜீவனிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. “டாடிகிட்ட நீங்கதான் பாட்டி சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள். சொல்கிறேன் சொல்கிறேன் என்று ஒரு மாதத்தை ஓட்டினேன். பத்திரிகை வந்தது. மேசையில் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய்.

திங்கட்கிழமை நீ வேலைக்குப் போனதும் ரீத்தாவைக் காரை எடுக்கச் சொன்னேன். சாகுல் இப்போது செனாயில் அவன் அத்தா கடையைத்தான் நடத்துகிறான். எந்தக் கடைக்கு வர மாட்டேன் என்று பேக்டரிக்கு வந்தானோ அதே கடை. நம்மோடு சண்டை வந்த பிறகு, திருடன் என்ற பேச்சு பேக்டரியிலும் பரவி, அவனாகவே வேலையை விட்டிருக்கிறான். அதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். “வாங்கம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. தடியை ஊன்றி நின்றுகொண்டே, அவன் பெண்டாட்டிக்கும், தோசை தின்றுகொண்டிருந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். கொசுக்காரர்களைச் சொன்னபோது ஒருத்தர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும், அதற்குப் பயந்துதானே அத்தனையும்.

சொல்லி முடித்ததும் அவன், “நோட்டு மூணும் எரிஞ்சிடுச்சாம்மா?” என்றான்.

“மூணும் எரிஞ்சிடுச்சு.”

“வண்டிக்காரன் படமும்?”

“எரிஞ்சிடுச்சு. ஆனா அது எனக்கு மனப்பாடம் தம்பி. ரீத்தா எழுதி வச்சிருக்கு.”

ரீத்தா நான் சொல்லச் சொல்ல எழுதின காகிதங்களைக் கல்லாவில் வைத்தாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தான். ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். பதினெட்டுப் பக்கம். ஆர்டர் கேட்டு வந்தவர்களைப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டாள். ஓரிடத்தில், “இங்க ஒரு வரி விட்டுப்போச்சு” என்று பேனா எடுத்து எழுதினான். நோட்டில் நீங்கள் எழுதியிருந்த மற்ற ஆறு படம் போனது போனதுதான், அதை நான் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. கடைசிப் பக்கத்தை மடக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“நீங்க பயந்துட்டீங்கம்மா. உங்க அப்பா கதையைக் கேட்டா யாரும் பயப்படுவாங்க. அருள் எதுக்கும்மா பயந்தான்? மூணு வருஷம் ஒரே நோட்டுல எழுதினோம். ஒரு தடவை, ‘டேய், நீதான் எடுத்தியா’ன்னு கேட்டிருக்கலாம்ல? வந்த உடனே ‘குடுறா’ன்னுதான் சொன்னான்.”

உன் பத்திரிகையில் ஒன்றை நான் கேட்காமலே எடுத்துப் போயிருந்தேன், அதை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. “பாப்பா கல்யாணம், சந்தோசம்மா. கார்டு வேணாம். அவன் வந்து கூப்பிடட்டும்” என்றான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் அதை வற்புறுத்திக் கேட்கவில்லை.

அருள், உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன தகுதி? உன் காதில் அந்தப் பொய்யை ஊற்றினது நான். அம்மா சொன்னால் பிள்ளை நம்பத்தான் செய்வான். ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு உனக்கு என் மேல் என்ன கோபம் வருமோ அது வரட்டும். நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். அத்தனை பேரையும் மனசில் வைத்தவள் சொல்கிறேன், இந்த ஒரு கோபத்தை மட்டும் நான் கணக்கில் வைக்க மாட்டேன். கல்யாணம் முடிந்து என்னை அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடு என்றாலும் போகிறேன். என் அறைக் கதவை உடனே வந்து தட்டாதே. எனக்குச் சொல்ல வேண்டியதை அப்புறம் சொல்லலாம். முதலில் அவனிடம் போ. ஸ்டெல்லாவையும் ரீத்தாவையும் கூட்டிக்கொண்டு, நெருங்கின சொந்தத்துக்குப் போகிற மாதிரி தட்டில் பழம் வைத்து எடுத்துக்கொண்டு போ. வெள்ளிக்கிழமை மதியம் கடை சாத்தியிருக்கும். சனி ஞாயிறு கூட்டமாக இருக்கும், அவனால் உட்கார்ந்து பேச முடியாது. வியாழக்கிழமை போ.

அம்மா